விலக்கும் விடாயும்

தகடூர் மண்ணைப் பற்றிப் பேசுவோர் எவரும் நெல்லிக்கனியைப் பற்றிப் பேசாமல் விடுவதில்லை. உண்டார்க்கு நெடுவாழ்வு தரும் என்று கருதப்பட்ட கனியை, அரிதின் முயன்று பெற்ற கனியை, அதன் சிறப்பைக்கூட வாய்திறந்து சொல்லாமல் அதியமான் நெடுமான் அஞ்சி ஔவைக்குக் கொடுத்தான். அதை ஔவையே பாடிவைக்க, புறநானூறு காத்துவைத்தது. அரசன் ஒருவன், தான் உண்ணாமல், ஒரு பெண்ணின் உடல்நலம் நாடி மருந்து கொடுத்த கதை அது. பெருமைக்குரிய கதைதான். மேடைதோறும் சொல்கிறோம், பள்ளியில் பாடமாகப் படிக்கிறோம், தருமபுரிப் பேருந்து நிலையத்தில் வந்திறங்கும் வெளியூராரிடமும் விடாமல் சொல்லிவைக்கிறோம்.

அதே மண்ணில், அரூரிலோ பாலக்கோட்டிலோ பென்னாகரத்திலோ, பள்ளிக்குப் புறப்பட்ட பெண்ணொருத்தி வாயிற்படியிலேயே வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். என்னவென்று கேட்ட தம்பிக்கு 'ஒன்றுமில்லை' என்ற விடை கிடைத்திருக்கும். அந்த 'ஒன்றுமில்லை'க்கு நீண்ட வரலாறு உண்டு, தோழர்களே! அதைத்தான் இங்கே எழுதப் புகுகிறோம்.

சொற்களிலிருந்து தொடங்குவோம். மாதந்தோறும் பெண்ணுடலில் நிகழும் இந்த நிகழ்ச்சிக்கு நம் மக்கள் வைத்த பெயர்களைக் கேளுங்கள்: தீட்டு, தூரம், முட்டு, விலக்கு, வீட்டுவிலக்கு. அத்தனையும் வெளியே நிற்பவர் வைத்த பெயர்கள். அவளைத் தொடலாகாது, அவள் தொலைவில் இருக்கவேண்டும், அவளை ஒதுக்கவேண்டும். அவ்வளவுதான் அவற்றின் பொருள். அவளுக்கு என்ன நேர்கிறது என்பது பற்றி அச்சொற்களுக்கு அக்கறையில்லை. மருத்துவச் சுவடிகளில் வரும் 'சூதகம்' கூட அத்தகையதே. பிறப்புத் தீட்டுக்கும் இறப்புத் தீட்டுக்கும் அதுவே பெயர். பழந்தமிழர் 'பூப்பு' என்றனர். அழகிய சொல், ஐயமில்லை. ஆனால் அதுவும் பார்ப்பவர் கண்ணுக்குத் தெரிந்த பூ. உள்ளிருந்து எழுந்ததாக நமக்குப் படுகிற சொல் ஒன்றே ஒன்றுதான்: மாதவிடாய். விடாய் என்றால் களைப்பு, நாவறட்சி, சோர்வு. தன் உடலை அறிந்தவள் ஒருத்தி வைத்த பெயராகவே அதை நாம் படிக்கிறோம். விலக்கு வீதியிலே வீறுநடை போட, விடாயோ பாடநூலுக்குள்ளும் மருத்துவமனைப் படிவத்துக்குள்ளும் பதுங்கிக் கிடக்கிறது.

பழந்தமிழகத்தில் நிலைமை எப்படி? பரத்தையை நாடிப் பிரிந்த கணவனும், மனைவிக்குப் பூப்புத் தோன்றியதிலிருந்து பன்னிரண்டு நாள் அவளை நீங்கி உறைதல் ஆகாது என்கிறது தொல்காப்பியக் கற்பியல். பிற்காலக் கோவை நூல்களில் 'செவ்வணி' என்றொரு துறையே உண்டு. தலைவி பூப்பெய்திய செய்தியை, சேடிக்குச் செந்நிற அணி பூட்டி, பரத்தையர் தெருவில் இருக்கும் தலைவனுக்குச் சொல்லியனுப்புவதாம் அது. இன்று மருந்துக்கடையில் முணுமுணுக்கவும் கூசுகிற செய்தியை, அன்றைய கவிஞர் தெருவழியே அணி உடுத்தி அனுப்பியிருக்கின்றனர். அனுப்பியது அவள் நலம் கேட்கவா என்றால், அன்று. மகப்பேற்றுக்குரிய நாள் வருகிறது, வீடு திரும்பு என்று நினைவூட்டத்தான்!

ஆயினும், சங்கத் தமிழர் மாசுமறுவற்றவர், மடமை அனைத்தும் வடக்கிலிருந்து வந்தது என்று மார்தட்ட முற்படும் தோழர்கள் சற்றுப் பொறுக்கவேண்டும். அதே புறநானூற்றின் 299ஆம் பாடலில் பொன்முடியார், போர்க்களத்தில் ஒடுங்கி நின்ற குதிரைகளுக்கு ஓர் உவமை சொல்கிறார்: முருகன் கோட்டத்தில் கலங்களைத் தொடாமல் ஒதுங்கி நிற்கும் மகளிரைப் போல அவை நின்றனவாம். ஒதுக்கம் அன்றே இருந்தது. உவமையாக எடுத்தாளும் அளவுக்கு ஊரறிந்ததாக இருந்தது. உண்மையை மறைத்துப் பெருமை பேசுவது நம் வேலையன்று.

இருந்த மடமைக்கு இலக்கணம் எழுதி, காரணம் கற்பித்து, கதையும் கட்டியவர்கள் உண்டு. தைத்திரீய சங்கிதையில் அக்கதை வருகிறது. இந்திரன் விசுவரூபனைக் கொன்றான். பிராமணனைக் கொன்ற பழி அவனைப் பற்றியது. கொன்றவன் சுமக்கவேண்டிய பழியை அவன் மூன்றாகப் பங்கிட்டான்: ஒரு பங்கு மண்ணுக்கு, ஒரு பங்கு மரத்துக்கு, ஒரு பங்கு பெண்ணுக்கு. பெண் ஏற்ற பங்கே மாதந்தோறும் குருதியாக வெளிப்படுகிறதாம்! கொலை செய்தவன் தேவர்கோன். குருதி சிந்துகிறவள் நம் தங்கை. அதோடு விட்டார்களா? அந்நாட்களில் அவள் தலை சீவினால் பிறக்கும் பிள்ளைக்கு வழுக்கை; நகம் வெட்டினால் பிள்ளைக்கு நகம் கெடும்; கயிறு திரித்தால் பிள்ளை தூக்கிட்டுக்கொள்ளும்; இப்படி ஒரு நீண்ட பட்டியல். பிள்ளையின் முடியைப் பற்றிக் கவலை. பிள்ளையின் நகத்தைப் பற்றிக் கவலை. தாயாகப் போகிறவளுக்கு அந்த மூன்று நாளும் வலிக்குமே என்ற கவலை அப்பட்டியலில் ஓரிடத்தும் இல்லை. மனு வந்தார், அந்நாட்களில் அவளை அணுகினால் ஆணுக்கு அறிவும் ஆற்றலும் பார்வையும் அழியும் என்றார். மேலைநாடு மட்டும் மேலானதா? உரோமாபுரியின் பிளினி, முதல் நூற்றாண்டிலேயே, அவள் நெருங்கினால் புதுமது புளிக்கும், பயிர் பட்டுப்போகும் என்று எழுதிவைத்தார். மடமைக்கு நாட்டெல்லை கிடையாது.

இவ்வளவு காலமும் வலியை எவருமே அறியவில்லையா? அறிந்திருந்தார்கள். இதுதான் வரலாற்றின் வேதனை. சரக சங்கிதை 'உதாவர்த்தினி' என்றொரு நோயைப் பெயரிட்டு, குருதி வெளிப்படும் முன் வலியும், வெளிப்பட்டவுடன் தணிவும் உண்டாகும் என்று குறிக்கிறது. நம் சித்த மருத்துவர்கள் சூதகவலி, சூதகவாயு, சூதகக்கட்டு என்று பிரித்துப் பேசினர். கற்றாழைக்குக் 'குமரி' என்று பெயரிட்டுப் பெண்நோய்களுக்குப் பயன்படுத்தினர். அசோகப்பட்டையை ஆயுர்வேதத்தார் கொதிக்கவைத்தனர். மருத்துவன் நோய் என்றான். சாத்திரி பாவம் என்றான். ஊர் எவன் சொல்லைக் கேட்டது என்று நாம் சொல்லவும் வேண்டுமோ?

சுவடி கற்ற மருத்துவன் கைக்கு எட்டாத வீடுகளில், அடுக்களையே மருந்தகமாக இருந்தது. சுக்கு, ஓமம், பெருங்காயம், வெந்தயம், எள், பனைவெல்லம். வறுத்த உப்பைத் துணியில் முடிந்து அடிவயிற்றில் ஒத்தடம். கொதிக்கக் கொதிக்கக் கருப்பட்டிச் சுக்குநீர். பூப்பெய்திய பெண்ணுக்கு உளுந்தங்களியும் நல்லெண்ணெயும். எழுதப்படாத மருத்துவம் அது. தாய் மகளுக்குச் சொன்னாள், மகள் பேத்திக்குச் சொன்னாள்.

ஆனால் நம் பாட்டிமார் வாழ்ந்த வீடுகளின் அமைப்பை எண்ணிப் பாருங்கள். சுக்கு எங்கே இருக்கிறது? அடுக்களை அஞ்சறைப்பெட்டியில். நெருப்பு எங்கே இருக்கிறது? அடுப்பில். நீர்? குடத்தில். அவள் எங்கே இருக்கிறாள்? கொல்லைப்புறக் கொட்டிலில், அல்லது வெளித்திண்ணையில், தனிப்பாயில், தனித்தட்டோடு! பெட்டியைத் தொடலாகாது, அடுப்பை அணுகலாகாது, குடத்தில் கைபடலாகாது. எந்த மூன்று நாளுக்காக அந்த மருத்துவம் பிறந்ததோ அந்த மூன்று நாளும் அது அவள் கைக்கு எட்டாது. வேறொருத்தி மனமிரங்கி, தொலைவில் நின்று, தரையில் வைத்துவிட்டுப் போனால் உண்டு. அவள் மறந்தால் இல்லை. மாமியார் வேலையாக இருந்தால் அதுவும் இல்லை. விலக்கு ஓய்வு கொடுத்தது என்று வாதிடுவோர் இன்றும் இருக்கிறார்கள். குனிந்து நிமிரும் வேலையிலிருந்து மூன்று நாள் விடுதலை கிடைத்ததை நாம் மறுக்கவில்லை. சில பெண்கள் அதை விரும்பியதும் உண்மை. ஓய்வு வேண்டுமென்றால் வீட்டுக்குள் பாயை விரிக்கலாமே! மருந்தையும் நெருப்பையும் பறித்துக்கொண்டு கொட்டிலில் கிடத்துவதற்கு ஓய்வு என்று பெயரிடுவது எந்த ஊர் நியாயம்?

மேலைநாட்டில், பெண்ணின் வலி கடவுள் இட்ட தண்டனை என்று விவிலியத்தின் ஆதியாகமத்தைக் காட்டிச் சொன்னவர்கள் இருந்தனர். எடின்பரோவின் சிம்சன் 1847இல் மகப்பேற்று வலிக்குக் குளோரோஃபார்ம் கொடுத்தபோது, சமய மறுப்புகளுக்கு விடையாக அவரே ஒரு சிறுநூல் எழுதவேண்டியிருந்தது. 1853இல் விக்டோரியா அரசியே அதை முகர்ந்து பிள்ளை பெற்றார். வாதம் பெரும்பாலும் அடங்கியது. அரசிக்கு வலித்தால் அறிவியல் விரைகிறது! மாதவிடாய்க்கு அந்தப் பேறு கிட்டவில்லை. 1873இல் அமெரிக்க மருத்துவர் எட்வர்டு கிளார்க், இந்த நாட்களில் மூளைக்கு வேலை கொடுத்தால் பெண்ணின் உடல் கெடும், ஆகவே ஆணைப்போல் அவளுக்கு உயர்கல்வி ஆகாது என்று நூலே எழுதினார். மேரி புட்னம் ஜேக்கபி என்ற பெண் மருத்துவர் வாய்ச்சண்டைக்குப் போகவில்லை. பெண்களுக்குக் கேள்வித்தாள் அனுப்பினார். 268 பேர் விடையளித்தனர். நாடித்துடிப்பை அளந்தார், தசைவலிமையை அளந்தார். கட்டாய ஓய்வு தேவையில்லை என்று காட்டிய அக்கட்டுரைக்கு ஆர்வர்டு பல்கலைக்கழகத்தின் பாயில்ஸ்டன் பரிசு 1876இல் கிடைத்தது. பெண்ணுக்கு எப்படி இருக்கிறது என்று பெண்ணையே கேட்டார், புதுமை அவ்வளவுதான்.

நம் சென்னையும் அந்நாளில் பின்தங்கியிருக்கவில்லை. 1875இல் மேரி ஷார்லீப் உள்ளிட்ட நான்கு பெண்களைச் சென்னை மருத்துவக் கல்லூரி சேர்த்துக்கொண்டது. ஆண் மருத்துவனிடம் நோயைச் சொல்ல முடியாத பெண்களுக்காக 1885இல் அவர் தொடங்கிய மருத்துவமனைதான் இன்று திருவல்லிக்கேணியில் கஸ்தூரிபா காந்தி பெயரில் நிற்கிறது. 1912இல் புதுக்கோட்டை முத்துலட்சுமி அதே கல்லூரியில் பட்டம் பெற்றார்.

அறிவியலார் உடுத்தும் வெள்ளை அங்கிக்குள்ளும் பழைய பூணூல் மறைந்திருக்கும் என்பதற்கு ஒரு சான்று சொல்லாமல் மேலே செல்ல மனமில்லை. 1920இல் வியன்னாவில் பேலா ஷிக் என்ற பெயர்பெற்ற குழந்தை மருத்துவர், மாதவிடாய்ப் பெண்ணின் கைபட்டு மலர் வாடிற்று என்று கண்டதாகச் சொல்லி, அவள் உடலில் ஒரு 'மாதவிடாய் நஞ்சு' ஊறுகிறது என்று ஏட்டில் எழுதினார். அதை உண்மையென்று நம்பிப் பல ஆண்டுகள் ஆய்வும் நடத்தினார்கள். பிளினியின் புளித்த மதுவுக்கும் ஷிக்கின் வாடிய மலருக்கும் இடையே பதினெட்டு நூற்றாண்டுக்கு மேல் ஓடிற்று. ஓடியும் ஒரே இடத்தில் நின்றது.

இனித்தான் நம் வரலாற்றின் நடுப்பகுதி. 1935இல் சுவீடன் நாட்டு உல்ஃப் வான் ஆய்லர், ஆணின் விந்துநீரில் தசையைச் சுருக்கும் ஒரு பொருளைக் கண்டு, அது ஆணுக்கே உரிய புராஸ்டேட் சுரப்பியில் ஊறுவது என்று கருதி, 'புராஸ்டாகிளாண்டின்' என்று பெயரிட்டார். 1957இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் பிக்கிள்ஸ் என்ற ஆய்வாளர் ஒரு காரியம் செய்தார். எந்தக் குருதியைப் பாவத்தின் பங்கு என்றார்களோ, எது பட்டால் பானை தீட்டு, பயிர் தீட்டு, பார்வை போகும் என்றார்களோ, அதை ஒரு கலத்தில் ஏந்திச் சோதித்தார். அதில் தசையைச் சுருக்கும் பொருளொன்று இருந்தது. 1963இல் அப்பொருள் இன்னதென்று அவரும் உடன் உழைத்தோரும் உறுதிசெய்தனர்: புராஸ்டாகிளாண்டின்களே! கடும் வலியால் துன்புறும் பெண்களின் மாதவிடாய்க் குருதியில் அது மிகுந்திருப்பதும் அடுத்த ஆண்டுகளில் தெரிந்தது. ஆணின் சுரப்பி பெயரைத் தாங்கிய பொருள்தான் பெண்ணின் வலிக்குக் காரணம் என்பது வரலாற்றின் குறும்பு.

விடை எங்கே இருந்தது பார்த்தீர்களா? எதைத் தொடாதே என்றார்களோ அதற்குள்ளேயே இருந்தது. தொட்டவன் கண்டான். தொடாதவர்கள் மூவாயிரம் ஆண்டு சுலோகம் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

நடப்பது இதுதான். கரு தங்காத மாதத்தில் புரோஜெஸ்டிரான் என்ற சுரப்புநீர் குறைகிறது. கருப்பையின் உள்ளுறை உதிரத் தொடங்குகிறது. உதிரும்போது புராஸ்டாகிளாண்டின்களை வெளிவிடுகிறது. அவை கருப்பைத் தசையை இறுக்குகின்றன. இறுக்கம் மிகும்போது தசைக்குள் ஓடும் குருதியோட்டம் தடைப்படுகிறது. உயிர்வளி குறைந்த தசை வலிக்கிறது. சிலருக்குக் குமட்டலும் வயிற்றோட்டமும் தலைவலியும் சேர்ந்து வருவதற்கும் அதே பொருளே காரணம். இந்திரனும் இல்லை, விசுவரூபனும் இல்லை. அளவுக்கு மிஞ்சிச் சுரந்த ஒரு வேதிப்பொருள்.

காரணம் தெரிந்ததும் மருந்தின் வழியும் தெளிந்தது. 1899 முதல் கடையில் கிடைத்த ஆஸ்பிரின் ஏன் வலி தணிக்கிறது என்பதை 1971இல் ஜான் வேன் விளக்கினார்: புராஸ்டாகிளாண்டின் உண்டாவதையே அது தடுக்கிறது. அதற்காக 1982இல் பெர்க்ஸ்ட்ரோம், சாமுவேல்சன் ஆகியோருடன் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அதே வழியில் வேலை செய்பவைதான் 1969இல் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்த ஐபுபுரோஃபெனும், நம்மூர் மருந்துக்கடைகளில் பெரிதும் புழங்கும் மெஃபெனமிக் அமிலமும். 80 ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் காக்ரேன் அமைப்பு வெளியிட்ட மதிப்பீட்டின்படி, வெற்று மாத்திரை உண்டவர்களில் 100க்கு 18 பேர் நல்ல தணிவு பெற்றால், இவ்வகை மருந்து உண்டவர்களில் 45 முதல் 53 பேர் பெறுகின்றனர். எல்லாருக்கும் கேட்கிற மருந்தன்று. ஆனால் பாதிப் பேருக்குப் பள்ளிக்கூடத்தைத் திருப்பித் தரக்கூடிய மருந்து.

மாத்திரையைப் பொறுத்தவரை சில செய்திகளை அறிந்திருக்கவேண்டும். வலி முற்றி உருண்டு புரண்டபின் விழுங்குவதைவிட, தொடங்கும்போதே உண்பது மேல். சுரந்து முடிந்ததை மருந்து துடைக்காது, சுரப்பதைத்தான் தடுக்கும். வெறும் வயிற்றில் ஆகாது. குடற்புண், சிறுநீரகக் கோளாறு, இரைப்பு உடையவர்கள் மருத்துவரைக் கேளாமல் தொடலாகாது. மெஃபெனமிக் அமிலத்தால் அரிதாகக் காய்ச்சலும் தோல்தடிப்பும் உள்ளுறுப்புக் கேடும் நேரலாம் என்று இந்திய மருந்தியல் நூல் ஆணையம் 2023 நவம்பரில் எச்சரித்தது. மாத்திரை தின்றால் பிள்ளை பிறக்காது என்று அச்சுறுத்தும் அத்தைமார் சொல்லுக்கு மட்டும் ஆதாரமில்லை.

அடுக்களை மருத்துவத்தையும் அதே உரைகல்லில் உரைத்துப் பார்த்திருக்கிறார்கள். 2001இல் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வில், அடிவயிற்றில் 38.9 பாகை செல்சியசு அளவில் தொடர்ந்து வைத்த சூடு, ஐபுபுரோஃபெனுக்கு நிகராக வலியைத் தணித்தது. சூடும் மாத்திரையும் சேர்ந்தபோது தணிவு விரைந்து வந்தது. பாட்டியின் உப்பு ஒத்தடம் வென்றது! 2009இல் ஈரானில் 150 மாணவியரிடம் நடத்திய ஆய்வில், இஞ்சிப்பொடி மெஃபெனமிக் அமிலத்துக்கும் ஐபுபுரோஃபெனுக்கும் ஈடாக நின்றது. சிறிய ஆய்வுதான், அதைக் கொண்டு சுக்கைச் சஞ்சீவி என்று கூவவேண்டாம். எனினும் அதைப் பாட்டி வைத்தியம் என்று எள்ளி நகையாடவும் வேண்டாம். உளுந்தங்களியும் கேழ்வரகுக்களியும் நல்ல உணவு. வலிநீக்கி என்று மெய்ப்பிக்கப்பட்டவை அல்ல. நாட்டுமருந்து என்ற பெயரிலே எவன் எதைக் கொடுத்தாலும் விழுங்குவது பகுத்தறிவாகாது. கற்றாழைத் தோலடியில் ஊறும் மஞ்சட்பால் கடும் பேதிமருந்து. பழையது என்பதால் மெய்யும் ஆகாது, பொய்யும் ஆகாது. சோதித்தால் தெரியும்.

எல்லா வலியும் இந்த வகையில் அடங்குவதில்லை என்பதையும் சொல்லவேண்டும். கருப்பையின் உள்ளுறையை ஒத்த திசு கருப்பைக்கு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் என்ற நோய், பிள்ளைப்பேற்று வயதுப் பெண்களில் ஏறத்தாழ 100க்கு 10 பேருக்கு, உலகில் 19 கோடிப் பேருக்கு, இருக்கிறது என்று உலக நலவாழ்வு நிறுவனம் கணக்கிட்டுள்ளது. மாதத்துக்கு மாதம் கூடிக்கொண்டே போகும் வலி, மாத்திரைக்கு மசியாத வலி, குருதிப்போக்கு நின்றபின்னும் நீடிக்கும் வலி ஆகியவை மருத்துவரிடம் போகவேண்டிய வலிகள். பல ஆண்டுகள் கழித்தே அந்நோய் கண்டறியப்படுகிறது. காரணம், 'எல்லாப் பெண்ணுக்கும் வருவதுதானே, பொறுத்துக்கொள்' என்ற அந்த ஒரு சொல். பெண்ணே பெண்ணிடம் அதைச் சொல்கிறாள் என்பதுதான் நம்மை வருத்துகிறது.

தருமபுரிக்குத் திரும்புவோம். 1965 அக்டோபர் 2ஆம் நாள் சேலத்திலிருந்து பிரித்து அமைத்த மாவட்டம் இது. அண்மைத் தேர்தல்கள் வரையிலும் பென்னாகரத்தை அடுத்த கோட்டூர் மலைக்கு வாக்குப்பொறிகள் கழுதை முதுகில் ஏறின. பொறிக்குக் கழுதை உண்டு, நோயாளிக்குத் தூளிதான். அரூர் வட்டத்தின் சிட்லிங்கியில், மலைவாழ் மக்களிடையே, ரெஜி ஜார்ஜ், லலிதா ரெஜி என்ற மருத்துவ இணையர் 1993இல் வந்து தங்கினர். அன்று அருகிலிருந்த மருத்துவமனைக்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் போகவேண்டும். மக்கள் கட்டித் தந்த குடிசையே மருத்துவமனை. 100 வாட் விளக்கொன்று. மகப்பேற்றுக்கும் அறுவைக்கும் ஒரு மரப்பலகை. பிறந்த குழந்தைகளில் 1,000க்கு 147 ஓராண்டுக்குள் இறந்துகொண்டிருந்த பள்ளத்தாக்கு அது. அந்த ஊர்ப் பெண்களையே பயிற்றி நலப்பணியாளர்களாக்கினார்கள். அந்தச் சாவுக்கணக்கைப் பெரிதும் குறைத்தது கட்டடமன்று. 'உனக்கு என்ன செய்கிறது?' என்று அந்த ஊர் மொழியில், அந்த ஊர்ப் பெண்ணே கேட்டதுதான் என்று நாம் கருதுகிறோம்.

பிற இடங்களில் என்ன நடந்தது? 2018 நவம்பர் 16ஆம் நாள் விடியலில் கஜா புயல் அடித்தபோது, பட்டுக்கோட்டையை அடுத்த அணைக்காட்டில், பூப்பெய்தியதால் தனிக்குடிசையில் வைக்கப்பட்டிருந்த சிறுமிமேல் தென்னை விழுந்தது, அவள் இறந்தாள். மதுரை மாவட்டச் சிற்றூர்கள் சிலவற்றில் 'முட்டுவீடு' இருப்பதை இந்நூற்றாண்டுச் செய்தியாளர்களும் போய்ப் பார்த்து எழுதினர். 2025 ஏப்ரலில் கோவை மாவட்டத்துப் பள்ளி ஒன்றில், எட்டாம் வகுப்பு மாணவி வகுப்புக்கு வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து தேர்வெழுதினாள். மாதவிடாய் என்பதே காரணம்.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று நாம் சொல்லமாட்டோம். வளரிளம் பெண்களுக்கு விலையின்றிப் பஞ்சுப்பொதி வழங்கும் திட்டத்தை 2011இல் தமிழகம் அறிவித்தது. நீரிழிவுக்கும் குருதி அழுத்தத்துக்கும் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோகும் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்டில் தொடங்கியது. தொடங்கிய இடம், ஒருகாலத்தில் இம்மாவட்டத்தோடு சேர்ந்திருந்த கிருஷ்ணகிரியின் சாமனப்பள்ளி. அறுபது வயதின் சர்க்கரையைத் தேடி மலையேறும் பை, பதினைந்து வயதின் வலியையும் கேட்டுவிட்டு இறங்கலாம். வெந்நீர்ப்பை ஒன்றும், ஆசிரியையின் மேசையறையில் மருத்துவர் சொன்னபடி தர மாத்திரை அட்டை ஒன்றும் வைப்பதற்குப் பள்ளிக்கு ஆகும் செலவு, ஆண்டுவிழாப் பந்தலின் ஒரு காலுக்கு ஆகும் செலவு இருக்குமா?

சென்ற திங்களில் நம் தோழர் ஒருவர் தருமபுரிக் கடைத்தெருவில் தங்கைக்காக மருந்துக்கடைக்குப் போனார். தலைவலி மாத்திரையை அப்படியே கையில் கொடுத்த கடைக்காரர், பஞ்சுப்பொதியை மட்டும் செய்தித்தாளில் சுற்றத் தொடங்கினார். தாள் வேண்டாம் என்றார் தோழர். கடைக்காரர் அவரையும், பின்னால் நின்றவர்களையும், மறுபடி அவரையும் பார்த்தார். "அப்படியேவா எடுத்துக்கொண்டு போவீர்கள்?" என்று கேட்டார். "அப்படியேதான், கூடவே வெந்நீர்ப்பை இருந்தால் அதுவும் ஒன்று கொடுங்கள்" என்றார் தோழர். வெந்நீர்ப்பை மேல்தட்டில் தூசி படிந்து கிடந்தது. எடுத்துத் துடைத்துக் கொடுத்தார்.